காவு வாங்காத கடல்

படகு கவிழ்ந்து மீனவர்கள் இறந்துபோனால் மறுநாள் பேப்பரில் ‘மூன்று பேரைக் காவு வாங்கிய கடல்’ என்று தலைப்பு வரும். மழை இல்லாத வருஷத்தில் ‘மழை பொய்த்துவிட்டது’ என்கிறோம். வெயில் ‘வாட்டி வதைக்கிறது’, புயல் ‘கோரத்தாண்டவம் ஆடுகிறது’. தினமும் புழங்குகிற சொற்கள் என்பதால் நாம் நின்று யோசிப்பதில்லை. ஆனால் இந்த வினைச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். பொய்க்க வேண்டுமென்றால் முதலில் வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். காவு வாங்க வேண்டுமென்றால் பசியோ கோபமோ இருக்க வேண்டும்.

அந்த ஆளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? உப்புத் தண்ணீர், காற்று, குளிர், நடுவில் ஒரு மனித உடம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் சில சிறுகதை ஆசிரியர்கள் துணிந்து அந்த ஆளை எடுத்தார்கள். மனிதன் பிழைப்பதும் சாவதும் இயற்கைக்கு ஒன்றுதான், அதைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது என்ற நினைப்பின் மேல் முழுக் கதையையும் கட்டினார்கள். இயற்கையின் பொருட்படுத்தாமை என்று இதைச் சொல்லலாம். இந்த எழுத்து வகைக்கு விமர்சகர்கள் வைத்த பெயர் இயற்பண்புவாதம். நேச்சுரலிசம் என்றும் எழுதுகிறார்கள். இந்தக் கதைகளுக்குள் முதல்முறையாக நுழைகிறவர்களுக்காக, மூன்று கதைகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்து இதை விளக்கப் பார்க்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1859இல் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வந்தது. அதற்குப் பிறகு, மனிதனும் மற்ற உயிர்களில் ஓர் உயிர்தான், அவனுக்கென்று தனிச்சலுகை எதுவும் இல்லை என்ற எண்ணம் வேகமாகப் பரவியது. 1865இல் பிரான்ஸில் கிளாட் பெர்னார் என்ற உடலியல் அறிஞர், மருத்துவம் சோதனைகளின் வழியாக வளர வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். நாவலாசிரியர் எமிலி ஸோலா அதைப் படித்துவிட்டு, நாவலையும் அப்படி எழுதலாமே என்று 1880இல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். ஒரு மனிதனுக்கு இன்ன பரம்பரை, இன்ன சூழல் என்று வைத்துக்கொண்டு, அவனுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ச்சிக்கூடத்தில் பார்ப்பதுபோலப் பார்ப்பது. வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது யதார்த்தவாதம். மனிதனுக்கு வெளியே இருக்கிற சக்திகள்தான் அவன் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்று ஒரு படி மேலே போவது இயற்பண்புவாதம். ஸோலா அந்தச் சக்திகளை நகரத்திலும் சாராயக் கடையிலும் சுரங்கத்திலும் தேடினார். அமெரிக்காவில் சிலர் அதே பார்வையோடு வெட்டவெளிக்கு வந்தார்கள். பனிக்கும் கடலுக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1908இல் வெளியிட்ட ‘நெருப்பு மூட்ட’ கதையிலிருந்து தொடங்குவதுதான் எளிது. இடம் கனடாவின் யூகான் பகுதி. 1897இல் அங்கே தங்கம் தேடி ஓடிய ஆயிரக்கணக்கானவர்களில் லண்டனும் ஒருவர். ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு 1898இல் ஊர் திரும்பினார். கதை நடக்கிற ஹென்டர்சன் ஓடை அவர் நேரில் கண்ட இடம்.

கதையில் ஓர் ஆள், ஒரு நாய். ஆளுக்குப் பெயர் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குள் முகாமில் இருக்கும் கூட்டாளிகளிடம் போய்ச் சேர வேண்டும் என்று தனியாக நடக்கிறான். துப்பிய எச்சில் தரையில் விழுவதற்கு முன்பே காற்றில் படபடவென்று வெடிக்கிறது. பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 75. செல்சியஸில் சொன்னால் கிட்டத்தட்ட மைனஸ் 59. இப்படிப்பட்ட குளிரில் தனியாகப் போகாதே என்று ஒரு கிழவர் எச்சரித்திருக்கிறார். அவன் முட்டாள் இல்லை. பாதையை மிகக் கவனமாகப் பார்த்துத்தான் நடக்கிறான். ஆனால் அவனுக்குக் கற்பனை போதாது என்கிறார் லண்டன். 75 என்பது அவனுக்கு ஓர் எண். குளிர்கிறது, சங்கடமாக இருக்கிறது, அவ்வளவுதான். மனித உடம்பு எவ்வளவு குறுகிய வெப்ப எல்லைக்குள் உயிர் வாழ்கிறது என்று அந்த எண்ணிலிருந்து அவன் மேலே யோசிப்பதில்லை.

மலைச்சரிவிலிருந்து கசியும் ஊற்றுகள் அந்தக் குளிரிலும் உறைவதில்லை. மேலே பனி மூடியிருக்க, கீழே தண்ணீர் நிற்கும். எவ்வளவு கவனமாக வந்தும் ஓரிடத்தில் கால் உள்ளே போய்விடுகிறது. முழங்காலுக்குப் பாதி வரை நனைந்துவிடுகிறான். உடனே நெருப்பு மூட்டிக் காயவைக்காவிட்டால் கால் போய்விடும். பதறாமல் மூட்டுகிறான். நெருப்பும் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் போகாதே என்ற கிழவரை நினைத்துச் சிரித்துக்கொள்கிறான்.

இதற்கு அடுத்து வருகிற இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். நெருப்பை அவன் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தின் அடியில் மூட்டியிருக்கிறான். சுள்ளிகள் அங்கேதான் கிடந்தன. புதரிலிருந்து இழுத்து அப்படியே தீயில் போட வசதி. வாரக்கணக்கில் காற்றே வீசவில்லை, அதனால் கிளைகளில் பனி அப்படியே சுமையாக நிற்கிறது. அவன் ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்திருக்கிறது. கடைசியில் உச்சியில் ஒரு கிளை தன் பனியைக் கொட்டுகிறது. அது கீழ்க்கிளையில் விழ, அதுவும் கொட்டுகிறது. அப்புறம் அதற்குக் கீழே. மொத்த மரத்தின் பனியும் சரிந்து அவன் மேலும் நெருப்பின் மேலும் விழுகிறது. நெருப்பு இருந்த இடத்தில் புதுப்பனி.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மரத்துக்கு அவன் மேல் பகை கிடையாது. பனிக்கு அவன் யாரென்று தெரியாது, கீழே எரிவது நெருப்பு என்றும் தெரியாது. காற்றில்லாத வாரங்கள், கிளையின் சுமை, சுள்ளியை இழுத்த கை என்று வரிசையாகக் காரணங்கள் இருக்கின்றன. காரணங்கள் மட்டும்தான் இருக்கின்றன. நமக்குப் படிக்கும்போது ‘அவன் தலையெழுத்து’ என்று வாயில் வரும். தலையெழுத்து என்றால் எழுதியவர் ஒருவர் உண்டு. லண்டனின் கதையில் எழுதியவர் இல்லை. விதிக்கும் இயற்பண்புவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு மரத்தடியில் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பிறகு நடப்பது வேகமாக நடக்கிறது. விரல்கள் மரத்துப்போய், இருக்கிற 70 தீக்குச்சிகளையும் ஒரே கட்டாக உரசுகிறான். கையின் சதை கருகும் வாசனை மூக்குக்குத் தெரிகிறது. நாயைக் கொன்று அதன் உடம்புக்குள் கையை விட்டுச் சூடேற்றலாம் என்று பார்க்கிறான். கத்தியைப் பிடிக்கவே கை வரவில்லை. ஓடிப் பார்க்கிறான், விழுகிறான். கடைசியில் தூக்கம் போல ஒன்று வருகிறது. நாய் எதிரே உட்கார்ந்து காத்திருக்கிறது. சாவின் வாசனை பட்டதும் கொஞ்சம் ஊளையிட்டுவிட்டு, சாப்பாடும் நெருப்பும் கொடுக்கிற வேறு மனிதர்கள் இருக்கும் முகாமை நோக்கி ஓடுகிறது. நாய் நன்றியுள்ளது என்று படித்து வளர்ந்த நமக்கு இந்த முடிவு உறுத்தும். அந்த உறுத்தலோடு கொஞ்சம் இருந்து பாருங்கள். நாயிடம்கூட நாம் ஒரு மனித குணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரியவரும்.

லண்டன் இதே தலைப்பில் 1902இலேயே ஒரு கதை எழுதியிருந்தார், இளைஞர்களுக்கான பத்திரிகை ஒன்றில். அதில் நாயகனுக்குப் பெயர் இருக்கிறது. கடைசி நேரத்தில் அவன் நெருப்பு மூட்டிவிடுகிறான், பிழைக்கிறான், தனியாகப் போகக்கூடாது என்று பாடம் படிக்கிறான். குளிர் அங்கே கண்டிப்பான வாத்தியார் மாதிரி இருக்கிறது; அடிக்கும், ஆனால் திருத்தி வீட்டுக்கு அனுப்பும். ஆறு வருஷம் கழித்து எழுதியபோது அந்த வாத்தியாரை அவர் எடுத்துவிட்டார்.

இங்கே சொல் பற்றி ஒரு விஷயம். இந்தக் கருத்தை விளக்கும்போது பலர் ‘இயற்கையின் அலட்சியம்’ என்று எழுதுவார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. அலட்சியத்தில் ஒரு திமிர் இருக்கிறது. பார்த்துவிட்டு, ‘நீ என்ன பெரிய ஆள்’ என்று தள்ளுவது. ‘பாராமுகம்’ அழகான சொல், ஆனால் திருப்பிக்கொள்ள ஒரு முகம் வேண்டுமே. காதலியும் பாராமுகமாக இருக்கலாம், சாமியும் இருக்கலாம். என்றாவது திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘புறக்கணிப்பு’ இன்னும் மோசம். பொருட்படுத்தாமை என்ற சொல்லும் முழுத் திருப்தி தரவில்லை, இருந்தாலும் இருப்பதில் தேவலாம். நம் மொழி மனிதர்களுக்காக உண்டானது. ஆளே இல்லாத இடத்தைச் சொல்ல அது திணறுகிறது. இந்தக் கதைகளை எழுதியவர்களுக்கும் இதே திணறல் இருந்தது. அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பதுதான் இவற்றைப் படிப்பதில் உள்ள பெரிய சுவை.

ஹொராசியோ கிரோகா இதை வேறு விதமாகச் சமாளித்தார். உருகுவே நாட்டில் பிறந்து, அர்ஜென்டினாவின் வடக்கே மிசியோனஸ் காட்டுப் பகுதியில் வாழ்ந்தவர். இவரை இயற்பண்புவாதி என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, ஆனால் 1920இல் வந்த ‘இறந்த மனிதன்’ இந்த இடத்தில் பேச வேண்டிய கதை. வாழைத்தோப்பில் வெட்டுக்கத்தியோடு வேலை செய்கிற ஒருவர், கம்பிவேலியைத் தாண்டும்போது வழுக்கி விழுகிறார். கத்தி வயிற்றில் இறங்கிவிடுகிறது. கதை முழுக்க அவர் படுத்த இடத்திலிருந்து பார்ப்பதுதான். வாழை இலைகள் அசையாமல் நிற்கின்றன. வீட்டின் கூரை தெரிகிறது. தினமும் அந்த நேரத்துக்குப் பாலத்தைக் கடந்து போகும் பையனின் சீழ்க்கை கேட்கிறது. எல்லாம் நேற்று மாதிரியே இருக்கிறது, அதை அவரால் நம்ப முடியவில்லை. புயல் கிடையாது, பனி கிடையாது, நல்ல நடுப்பகல் வெயில். அவருடைய குதிரை வேலியோரம் நின்று, இவர் படுத்திருப்பதைப் பார்த்துத் தோப்புக்குள் வரத் தயங்குகிறது. கடைசியில் அவருக்கும் வேலிக்காலுக்கும் நடுவே நடந்து போகிறது. இயற்கை ஆபத்தாக இருந்தால்தான் பொருட்படுத்தாமையைக் காட்ட முடியும் என்பதில்லை. அது அமைதியாக இருக்கும்போது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

இனி அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன். என்னைக் கேட்டால் இந்தக் கருத்தை இவரளவு ஆழமாகத் தொட்டவர் இல்லை. 28 வயதில், 1900இல், காசநோயில் இறந்துபோனார். 1896 டிசம்பர் கடைசி நாளில், கியூபாவில் நடந்துகொண்டிருந்த கிளர்ச்சியைப் பற்றிச் செய்தி எழுதுவதற்காக, புளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து ‘கொமடோர்’ என்ற கப்பலில் ஏறினார். கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொண்டுபோன கப்பல் அது. 1897 ஜனவரி 2ஆம் தேதி மூழ்கிவிட்டது. பத்தடி நீளமுள்ள சின்னப் படகு ஒன்றில் கிரேனும் இன்னும் மூவரும் ஏறக்குறைய 30 மணி நேரம் கடலில் தத்தளித்தார்கள். கரை சேர்ந்து சில நாட்களில் செய்தித்தாளில் அதை எழுதினார். பெரும்பாலும் கப்பல் மூழ்கிய கதை. படகில் கழிந்த நேரத்தைப் பற்றி இப்போது சொல்லப்போவதில்லை என்று ஒதுக்கிவிட்டார். அப்படி ஒதுக்கியதுதான் அதே வருஷம் ஜூன் மாதம் ‘திறந்த படகு’ என்ற சிறுகதையாக வந்தது.

படகில் காயம்பட்ட கேப்டன், சமையற்காரர், கப்பல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் தொழிலாளி பில்லி, பத்திரிகையாளர். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறு அங்குலம். கதையின் தொடக்கத்தில் அலைகள் அநியாயமாக, காட்டுமிராண்டித்தனமாக உயர்ந்து வருகின்றன. அதாவது படகில் இருப்பவர்களின் கண்ணில் கடலுக்கு இன்னும் ஒரு கெட்ட எண்ணம் இருக்கிறது. கதை போகப்போக இந்த மாதிரி வார்த்தைகள் உதிர்கின்றன. முதல் வாசிப்பில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். இரண்டாம் தடவை அதற்காகவே படியுங்கள்.

கரை கண்ணுக்குத் தெரிகிறது. கலங்கரை விளக்கம் தெரிகிறது. மணலில் ஆட்கள்கூடத் தெரிகிறார்கள். ஒருவன் கோட்டைக் கழற்றிச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறான். அவன் என்ன சொல்கிறான் என்று படகில் இருப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வடக்கே போகச் சொல்கிறானா, காத்திருக்கச் சொல்கிறானா? ஒன்றுமில்லை. இவர்கள் பொழுதுபோக்குக்காகப் படகு விடுகிறார்கள் என்று நினைத்துக் கை காட்டுகிறான் போலிருக்கிறது. ஓர் அர்த்தமும் இல்லாத அசைவுக்கு அர்த்தம் தேடித் தவிக்கும் இந்தக் காட்சி, மனிதன் கடலிடமும் வானத்திடமும் காலங்காலமாகச் செய்துவருவதைப் போலவே இருக்கிறது.

இரவு வருகிறது. மற்றவர்கள் தூங்க, பத்திரிகையாளர் ஒருவரே துடுப்புப் போடுகிறார். படகைச் சுற்றி ஒரு சுறா திரிகிறது. மூழ்கடிப்பதாக இருந்தால், கரையைக் காட்டும் தூரம் வரை ஏன் கொண்டுவர வேண்டும் என்று அவர் மனம் கொதிக்கிறது. தான் இயற்கைக்கு ஒரு பொருட்டே இல்லை என்று தெரியும்போது மனிதனுக்குக் கோயில் மேல் கல்லெறியத் தோன்றும், ஆனால் கல்லும் இல்லை, கோயிலும் இல்லை என்கிறார் கிரேன். நம் ஊரில் அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் எதிராளி வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். சாமியைப் பார்த்து ‘உனக்குக் கண் அவிஞ்சு போச்சா’ என்று கத்துவார்கள். அந்தத் திட்டில் எவ்வளவு ஆறுதல் இருந்திருக்கிறது என்று இந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. திட்டுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய துணை. படகில் வாரித் தூற்ற மண்ணும் இல்லை, வாசலும் இல்லை.

விடிந்ததும் கரையில் ஆளரவமில்லை. சின்னச் சின்ன வீடுகளுக்கு மேலே ஒரு காற்றாடிக் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. எறும்புகளின் துன்பத்துக்கு முதுகு காட்டி நிற்கும் ராட்சதனைப் போல அது பத்திரிகையாளருக்குத் தோன்றுகிறது. பாருங்கள், கிரேனுக்கும் ஓர் உருவம் தேவைப்படுகிறது. முதுகு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார். உடனே அதைத் திருத்துகிறார். அப்போது இயற்கை அவருக்குக் கொடியதாகவும் தெரியவில்லை, நல்லதாகவும் தெரியவில்லை, துரோகியாகவும் இல்லை, அறிவுள்ளதாகவும் இல்லை. பொருட்படுத்தாததாக இருந்தது, அவ்வளவே. முதல் பக்கத்தின் காட்டுமிராண்டி அலையிலிருந்து இந்த வாக்கியத்துக்கு வந்து சேர்வதுதான் கதையின் உண்மையான பயணம்.

இது படிக்கிற நமக்கு ஓரளவு பழக்கமானது போலவும் இருக்கும். ‘யாதும் ஊரே’ பாட்டில் கணியன் பூங்குன்றன் மனித உயிரை, பாறையில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் நீரின் போக்கில் போகும் தெப்பத்துக்கு ஒப்பிடுகிறார். தெப்பமும் படகும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அவர் ‘முறைவழிப் படூஉம்’ என்கிறார். முறை என்று ஒன்று இருக்கிறது. அறிந்தவர்கள் அதைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். அதனால் பெரியோரை வியக்கவும் வேண்டாம், சிறியோரை இகழவும் வேண்டாம் என்று மனம் அடங்குகிறது. கிரேனின் படகைக் கொண்டுபோகும் தண்ணீரில் முறை இல்லை. இரண்டு பாதைகளும் வேறு. ஆனாலும் இரண்டிலும் சக மனிதர்களைப் பார்க்கும் கண் மென்மையாகிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

ஏனென்றால், இயற்கை மனிதனைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்கிற கதைகள் விரக்தியைத்தான் தரும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ‘திறந்த படகு’ அப்படி இல்லை. அந்த நால்வருக்கும் நடுவே ஒரு நெருக்கம் உண்டாகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கேப்டன் குரலை உயர்த்துவதில்லை. மற்றவர்கள் அவர் சொன்னதை மனமுவந்து செய்கிறார்கள். பத்திரிகையாளரின் பாக்கெட்டில் எட்டுச் சுருட்டு. நான்கு நனைந்துவிட்டன, நான்கு நனையவில்லை. யாரிடமோ மூன்று காய்ந்த தீக்குச்சிகள் கிடைக்கின்றன. நால்வரும் ஆளுக்கொரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார்கள். யூகானில் தனியாக நின்றவனுக்கு 70 தீக்குச்சி போதவில்லை. இங்கே மூன்று போதுமானதாக இருக்கிறது.

நீங்களே இப்படி ஒரு கதை எழுதிப் பார்ப்பதாக இருந்தால் வினைச்சொற்களைத்தான் முதலில் சோதியுங்கள். அலை ‘சீறியது’ என்று எழுதினால் அது யார் கண்ணில் சீறியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் கண்ணில் என்றால் இருக்கட்டும், அவனுக்கு அப்படித் தோன்றலாம். கதை சொல்பவரின் கண்ணில் என்றால் அடித்துவிடுங்கள். அப்புறம், கெட்டவன் சாக நல்லவன் பிழைக்கிற மாதிரி முடிவு வந்தால் எங்கோ ஒரு நீதிபதி நுழைந்துவிட்டார் என்று பொருள்.

கிரேன் அந்த நீதிபதியை உள்ளே விடவில்லை. கடைசியில் நால்வரும் படகை அலைக்குள் செலுத்துகிறார்கள், அது கவிழ்கிறது. உயிர்காப்பு மிதவை கட்டிய சமையற்காரர் மல்லாந்து மிதந்து வருகிறார். காயம்பட்ட கேப்டன் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு வருகிறார். பத்திரிகையாளரை ஒரு பெரிய அலை அலாக்காகத் தூக்கிக் கரைக்குக் கிட்டே போடுகிறது. கரையிலிருந்து ஒருவன் உடைகளைக் களைந்துவிட்டு ஓடிவந்து இழுக்கிறான். நால்வரில் நன்றாகத் துடுப்புப் போட்டவன் பில்லி. கப்பல் மூழ்குவதற்கு முன்பே இரண்டு ஆள் வேலையை ஒருவனாகச் செய்து களைத்திருந்தவன். கதையில் பெயர் கொடுக்கப்பட்ட ஒரே ஆளும் அவன்தான். பில்லி ஹிக்கின்ஸ் என்று நிஜமாகவே வாழ்ந்தவர். படகு கவிழ்ந்ததும் எல்லோருக்கும் முன்னால் வேகமாக, பலமாக நீந்திப் போய்க்கொண்டிருந்தான்.

ஆழமில்லாத தண்ணீரில் அவன் குப்புறக் கிடக்கிறான். நெற்றி மணலில் படிந்திருக்கிறது. ஓர் அலை வந்து போய் அடுத்த அலை வருவதற்குள், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் தண்ணீர் இல்லை.